குமுளமுனைத் தோம்பு

ஓலை எரிந்துபோயிற்று. மனதில் நிற்பதைச் சொல்கிறேன்.
தென்னை, நூற்றுப் பதினேழு.
அதில் ஒன்று இடி விழுந்து
வட்டுக் கருகி மொட்டையாய் நின்றது.
அதையும் சேர் என்றார்
கடல் கடந்து வந்த அமுல்தார்,
நிற்கிறதுதானே, மரம்தானே.
சேர்த்தேன்.
செத்த மரத்துக்கும் ஓலையில் ஒரு வரி.

ஒல்லாந்தன் இருந்த நாளில் யானை கேட்டான்.
பிடித்தோம், கொடுத்தோம்.
வார்க்கயிறு அறுந்து இரண்டுபேர் மிதிபட்டார்கள்;
அவர்களை எழுதத் தோம்பில் பத்தி இல்லை.
ஆனாலும் யானை காட்டுடையது.
தென்னை அப்படியா?
கோடையில் குளம் வெடித்துக் கிடக்க
ஊற்றுத் தோண்டி, இடுப்பில் சுமந்து,
பிள்ளைக்குப் புகட்டுவதுபோல் வார்த்தது.

இங்கிலீசுக்காரன் வந்து மறுவருடம்
காதில் கிடப்பதற்கும் பணம் என்றான்.
உமையாத்தையின் படலையில் நின்று
'தோடு எத்தனை' என்று கேட்டவன் நான்தான்.
இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு
'கேட்கேல்லை' என்றாள்.
கூட வந்த சிப்பாய்க்கே சிரிப்பு.

அடுத்த கிழமை ஊரில்
ஒரு காதிலும் பொன் இல்லை.
எல்லாத் துளையிலும் ஈர்க்கு.
கண்டதை எழுதுவது என் தொழில், எழுதினேன்:
ஈர்க்கு, சோடி நாற்பத்தொன்று.
அமுல்தார் வாசித்துவிட்டு
ஓலையை என் முகத்தில் எறிந்தார்.
நெற்றியில் இந்தக் கீறல் அப்போது வந்தது,
போரில் வந்ததென்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

போர் எங்கே தொடங்கியது?
கோட்டை வாசலில் என்பான் ஒருவன்,
பறித்துப்போன எருத்துமாட்டில் என்பான் இன்னொருவன்.
நான் அந்த மொட்டை மரத்தைச் சொல்வேன்.
சின்னவியன் ஓர் இரவு அதை வெட்டிச் சாய்த்தான்,
இனி இதற்குக் கட்டத் தேவையில்லை என்று.
அரசாங்கத்து மரத்தை வெட்டினான் என்று
அவனைக் கட்டிக் கொண்டுபோனார்கள்.
மீட்கப் பன்னிரண்டுபேர் போய் அகப்பட்டார்கள்.
பன்னிரண்டுபேரை மீட்கத்
தண்ணீரூற்றும் முள்ளியவளையும் எழும்பிப் போயின.

அப்போதும் ஒருவரும் நாடு என்று சொல்லவில்லை.
வரியைக் குறை என்றார்கள்.
குறைத்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்போம்,
பொய் சொல்வானேன், விதைப்புக் காலம்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது நந்திக்கடல் ஓரம்.
கோட்டையிலிருந்து இழுத்துவந்த பீரங்கி
அச்சுவரை சேற்றில் புதைந்துவிட்டது.
முப்பதுபேர் தோள்கொடுத்துத் தள்ளும்போது
எவனோ மூச்சிரைத்துக்கொண்டு சொன்னான்,
'இனி இது எங்கட நாடடா, தள்ளு.'
இருட்டு. ஆள் தெரியவில்லை.
பீரங்கி அரை முழம் நகர்ந்தது.

பிறகு தோம்பின் வெற்றுப்புறத்தில்
ஆட்களை எழுதினேன்.
முன்புறம் இன்னாருக்கு மரம் ஏழு,
பின்புறம் அதே வீட்டில் மகன் இரண்டு.
எழுத்தாணி மாறவில்லை.

ஆடியில் போருக்கு நெல் கேட்டார்கள்,
எங்கள் ஆட்கள்.
வீட்டுக்கு ஒரு மரக்கால்.
அளக்க யாரை அனுப்புவார்கள்?
அதே படலை.
உமையாத்தை காதில் இன்னும் ஈர்க்கு,
மகன் பீரங்கிக்காரரோடு.

'தோம்புக்காரா, இந்தமுறை ஆர் கேக்கிறது?'
'நாங்கள்தான்' என்றேன்.
என்னைப் பார்த்தாள். மரக்காலைப் பார்த்தாள்.
கோர்க்காலி மூடியைத் திறந்து
தலைதட்டாமல் குவித்து அளந்தாள்.
பிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடி
திரும்ப அள்ளி உள்ளே போட்டாள்.

'இதை எழுது' என்றாள்.